வெள்ளி வருவதாகச் சொன்ன சொல்

நெஞ்சில் ஓர் ஐயம் தோன்றினால், அதை மறைத்து வைத்து ஊட்டி வளர்க்காமல், உரியவர் முகத்தை நேரே நோக்கிக் கேட்டுத் தெளிதல் ஓர் அறம். ஈகையைப் பாடியவர் பலர். பொறையைப் பாடியவரும் பலர். கேட்டுத் தெளிதலைப் பாடியவர் அரியர். எளிதுபோலத் தோன்றி நாவுக்கு அரிதாவது அது. கேட்டால் விடை வந்துவிடும். விடை வந்தால் மிச்சமிருக்கும் நம்பிக்கையும் போய்விடும். ஆதலால் கேளாதிருப்பதே நலம் என்று மனம் வாதாடும். அவ்வாதத்தில் சில காலம் தோற்று, பின் வென்று, வென்றதற்குரிய விலையையும் கண்ணீராகக் கொடுத்த பெண் ஒருத்தி திருத்தணியில் இருந்தாள். அப்போது அவளுக்கு வயது பதினாறு. தமயந்தி என்பது பெயர்.

அவள் தந்தை ஆதிகேசவன் மலையடிவாரத்தில், குமார தீர்த்தத்துக்கு அப்பால், பூந்தோட்டம் வைத்திருந்தார். முல்லையும் அரளியும் சம்பங்கியும் விளையும். முதற்பறிப்பு மலைமேல் தணிகைநாதனுக்கு. மிஞ்சியது அடிவாரத்துக் கடைக்கும் சென்னைக்குப் போகும் வண்டிக்கும். தோட்டத்தின் மறுபாதி அவர் தங்கை தாயாரம்மாளுடையது. கணவனை இழந்தவள், ஒரே மகன் துளசிங்கத்தை வளர்த்து ஆளாக்கியவள். இரு பாதிக்கும் நடுவே ஒரே கிணறு. மாடுகள் கயிறு இழுக்க, சால் நீரை மொண்டு மேலே வரும். ஒருநாள் அண்ணன் முறை, மறுநாள் தங்கை முறை.

தமயந்தி தொட்டிலில் கிடந்த காலத்திலேயே அவள் துளசிங்கத்துக்கென்று இரு வீட்டிலும் சொல்லியாயிற்று. தமிழும் தெலுங்கும் ஒரே அடுப்பில் வேகும் சீமை அது. தகப்பனை நைனா என்றும், அத்தை மகனைப் பாவா என்றும் அவள் அழைத்தாள். துளசிங்கம் ஆந்திரச் சீமைப் பெஜவாடாவில் ரயில் எஞ்சினுக்குக் கரி தள்ளும் வேலைக்குப் போய்விட்டான். பங்குனி உத்திரத்துக்கு ஊர் வந்தவன், புறப்படுமுன் கிணற்றடியில் அவளைக் கண்டு நின்றான். ஏதோ சொல்லப் போகிறான் என்று அவள் காத்திருந்தாள். அவன் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பார்த்துக்கொண்டே, “சரி, போயொஸ்தா” என்றான். போய்விட்டு வருகிறேன் என்று அவ்வூரார் எல்லாரும் தெலுங்கில் சொல்லும் சொல்தான். ஆனாலும் அவன் கண் தன்னைத் தொடாமல் போனதை அவள் மறக்கவில்லை.

அது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்திரண்டாம் ஆண்டு. ஜப்பான்காரன் சென்னைமேல் குண்டு போடுவான் என்ற பேச்சு எழுந்து, சித்திரையில் பட்டணத்து ஜனங்கள் மூட்டை முடிச்சுகளுடன் வண்டி வண்டியாக வந்து இறங்கினார்கள். அவர்களுள் ஒருத்தி ரஞ்சிதம். தமயந்தியின் பெரியம்மா மகள். வயதில் சற்று மூத்தவள். தமயந்தியின் தாய் கௌரியம்மாளைச் சித்தி என்பாள். பட்டணத்துப் பெண் ஆகையால் உரக்கச் சிரிப்பாள். தனியே தெருவில் நடப்பாள். பூக்கூடையைத் தலையில் வைத்து ஸ்டேஷன்வரை போய் வண்டியில் ஏற்றிவிட்டு வரவும் அஞ்சமாட்டாள். வந்த புதிதில் இரு பெண்களும் ஒரே பாயில் உட்கார்ந்து பூத்தொடுத்தார்கள். ஒருத்தி தலையை ஒருத்தி வாரினார்கள்.

ஆடிக் கிருத்திகை கழிந்த சில நாளில், ஸ்டேஷனுக்குப் போன ரஞ்சிதம் ஓடோடி வந்தாள்.

“தமயந்தி! உன் பாவாவப் பாத்தேன்டி!”

“எங்கக்கா?”

“டேஷன்ல. கூட்ஸ் வண்டி எஞ்சின்ல நின்னுகினு இருந்தாரு. மூஞ்சியெல்லாம் கரி. மொதல்ல அடையாளமே தெரியல. அவருதான், நீ ரஞ்சிதம்தானேன்னு கூப்டாரு.”

“இன்னா சொன்னாரு?”

“தமயந்திகிட்ட சொல்லுன்னாரு. அதுக்குள்ள வண்டி கௌம்பிடுச்சு. வெள்ளி வரேன்னு கையாட்டிகினே போனாரு.”

“வெள்ளிக்கெழமயா?”

“ஆங், வெள்ளிக்கெழமதான். நெலங்கிழிக்கிற மாதிரி காலால கோடு போடாத, போய் சித்திகிட்ட சொல்லு.”

அந்த வெள்ளியன்று கௌரியம்மாள் வாசலில் பெரிய கோலம் போட்டாள். மருமகப் பிள்ளைக்குப் பிடிக்கும் என்று வேர்க்கடலைத் துவையல் அரைத்தாள். தமயந்தி புடைவையை மாற்றிக்கொண்டு, வாசலுக்கு வருவதற்கு ஒவ்வொரு முறையும் ஒரு புதுக் காரணம் தேடினாள். பகல் வண்டி வந்து போயிற்று; மாலை வண்டியும் போயிற்று. துளசிங்கம் வரவில்லை.

“எங்கியோ தண்டவாளத்தப் பேத்துட்டாங்களாம். சுதந்தரத்துக்குக் கலாட்டா. வண்டி எங்க ஒழுங்கா ஓடுது?” என்றார் ஆதிகேசவன். அது நம்பத்தக்க காரணமாயிருந்தது. அடுத்த வெள்ளிக்குள் வண்டிகள் ஒழுங்காக ஓடின. அன்றும் அவன் வரவில்லை. அதற்கடுத்த வெள்ளியன்று கோலம் சிறிதாயிற்று, துவையல் அரைபடவில்லை.

பக்கத்து வீட்டு எல்லம்மாள் வேலியோரம் நின்று கேட்டாள்: “இன்னா தமயந்தி, வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம சிங்காரிச்சிகினு நிக்கிறே? வெரதமா? மாப்ள வந்தாதான் பாரணையா?”

தமயந்தி வாய் திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் கண் மட்டும் திறந்துகொண்டது. ஐயம் வந்தவர்களுக்குக் கண் இரண்டு போதாது. கண்ட ஒவ்வொன்றுக்கும் பின்னால் காணாத ஒன்று நிற்பதாகத் தோன்றும். துளசிங்கத்தை ஸ்டேஷனில் கண்டவள் ரஞ்சிதம் ஒருத்திதான். அவன் சொல்லைக் கேட்டவளும் அவள் ஒருத்திதான். வெள்ளி என்று அவன் சொன்னானா, இவள் சொன்னாளா? அவன் வேறு ஏதோ சொல்லியனுப்ப, இவள் அதை விழுங்கிவிட்டு வேறொன்றை உமிழ்ந்தாளா? தங்கைமுறையாளுக்குப் பாவா என்றால் அக்காள்முறையாளுக்கும் முறைதானே!

ஒரு வெள்ளிக்கிழமை, பூ ஏற்றும் வேலை இல்லாத நாளில், ரஞ்சிதம் தலைவாரிக்கொண்டு புறப்பட்டாள். தமயந்தி சற்று எட்ட நின்று பின்தொடர்ந்தாள். ரஞ்சிதம் நேரே ஸ்டேஷனுக்குப் போனாள். பிளாட்பாரத்துக் கோடியில் கரிக்குவியல் ஓரம் நின்றுகொண்டு, வந்த வண்டியின் எஞ்சினை எட்டி எட்டிப் பார்த்தாள். வண்டி புறப்பட்டபோது புகையும் ஆவியும் அவளை மறைத்தன. புகை கலைந்தபின் அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வீடு திரும்பியபோது, புடைவைத் தலைப்பில் கரி அப்பியிருந்ததைத் தமயந்தி கண்டாள்.

“எங்கக்கா போயிருந்தே?”

“சும்மா, கடவீதிக்கு.”

பொய்! அந்தக் கரிக்கறை தமயந்தியின் நெஞ்சில் ஒட்டிக்கொண்டது. எஞ்சினில் நின்றவன் கை அந்தத் தலைப்பைத் தொட்டிருக்கும் என்று அவள் மனம் தானே ஒரு காட்சியைத் தீட்டியது. தீட்டிவிட்டு அதையே சாட்சியாகவும் வைத்துக்கொண்டது. அன்று முதல் அவள் ரஞ்சிதத்துடன் ஒரு பாயில் உட்காரவில்லை. கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. தாயிடம் மட்டும் போய்ச் சொன்னாள்.

கௌரியம்மாள் முகம் இறுகியது. “நானும் பாத்துகினுதான் கீறேன். பட்டணத்துல வளந்தது. எங்க அக்கா பொண்ணாச்சேன்னு சோறு போட்டா, என் பொண்ணு எலயிலயே கைய வெக்கிறாளா? அடுத்த வாரம் யாராச்சும் பட்டணம் போனா கூட அனுப்பிட்றேன். குண்டு உழுந்தா உழுவட்டும்.”

ஆதிகேசவனுக்கு வேறு ஐயம். துளசிங்கம் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்ன செய்தியைத் தங்கையிடம் சொன்னபோது, தாயாரம்மாள் மகிழவில்லை, “அப்டியா சொன்னான்?” என்று கேட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்தத் திரும்பிய முகத்தை அவர் நாள்தோறும் எண்ணினார். மகனை வரவிடாமல் தடுப்பவள் இவளே என்று துணிந்தார். ஒரு காலையில் கிணற்றுச் சாலைக் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து போட்டுவிட்டார். தம் தோட்டத்துக்கு நீர் வேண்டிய நாளில் எடுத்துப் போவார். இறைத்து முடிந்ததும் கழற்றிவிடுவார். தாயாரம்மாள் பாதியில் முல்லைக் கொடிகள் தலை சாய்ந்தன. அவள் சாலைக் கேட்டு வரவும் இல்லை. அண்ணன் அதையும் ஐயத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். “தப்பு பண்ணாதவ வந்து கேட்டிருப்பாளே!”

கோபத்தோடு கோபமாக, பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒரு பேச்சுக்கும் அவர் தலையசைத்துவிட்டார். வீராசாமி என்ற நிலக்காரர். முதல் மனைவி இறந்து இரண்டாண்டு ஆனவர். வரும் முகூர்த்தத்தில் வெற்றிலை பாக்கு மாற்றுவதென்று முடிவாயிற்று. “அவ மவன் இல்லாட்டி என் பொண்ணுக்கு மாப்ளயே கெடைக்காதா? ஊர் பாக்கட்டும்” என்றார். தமயந்தியை ஒருவரும் கேட்கவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. கேளாமையே அந்த வீட்டின் வழக்கமாகிப் போயிருந்தது. நால்வர் ஒரே கூரையின்கீழ் இருந்து, ஒருவரையொருவர் பார்த்தபடி, ஒருவரிடமும் பேசாமல் பூத்தொடுத்தார்கள்.

நிச்சயத்துக்குச் சில நாள் முன்பு, தமயந்தி அடிவாரத்தில் பூக்கூடையோடு அமர்ந்திருந்தாள். திருப்பதி தரிசனம் முடித்து, கிருஷ்ணைக் கரைப் பக்கத்திலிருந்து வந்த யாத்திரைக் குடும்பம் ஒன்று மலையிறங்கி வந்தது. மொட்டையடித்த குழந்தையை இடுப்பில் வைத்திருந்த அம்மாள் சம்பங்கி மாலை வாங்கிக்கொண்டு, முறுவலித்து, “சரேனம்மா, வெள்ளொஸ்தா” என்று சொல்லி நகர்ந்தாள்.

வெள்ளி என்றது செவியில் பட்டதும் தமயந்திக்குச் சுருக்கென்றது. வியாபாரப் பழக்கம் வாயைத் திறந்தது. “வெள்ளிக்கெழம வருவீங்களா? அன்னிக்குக் கூட்டம் ஜாஸ்தி. முன்னாடியே மால எடுத்து வெக்கிறேன்.”

அந்த அம்மாள் விழித்தாள். “சுக்ரவாரமா? காதம்மா, காது!” இல்லை என்று தலையாட்டினாள். பிறகு விளங்கிக்கொண்டு உரக்கச் சிரித்தாள். “மீரு போயொஸ்தா அண்டாரு. மேமு வெள்ளொஸ்தா அண்டாம். அந்த்தே!”

அவ்வளவுதான். இவ்வூர்த் தெலுங்கில் போய் வருகிறேன் என்பதற்குப் போயொஸ்தா. அவர்கள் சீமையில் அதற்கே வெள்ளொஸ்தா. வெள்ளிக்கும் கிழமைக்கும் தொடர்பில்லை.

அந்த அம்மாள் போய் நெடுநேரம் ஆகியும் தமயந்தியின் கையிலிருந்த நார் அசையவில்லை. பெஜவாடாவும் கிருஷ்ணைக் கரைதான். ஓராண்டு அங்கே வேலை செய்தவன் வாயில் அவ்வூர்ச் சொல் ஏறியிருக்கும். அப்படியானால் ரஞ்சிதம் பொய் சொல்லவில்லை. அப்படியானால், அவன் வருவதாகவும் சொல்லவில்லை. முதல் எண்ணம் அவள் மார்பிலிருந்த பாரத்தை இறக்கியது. இரண்டாவது எண்ணம் அதைவிடப் பெரிய பாரத்தை ஏற்றியது. ஒன்றை ஏற்று மற்றொன்றைத் தள்ள வழியில்லை.

அவள் மலையை ஏறிட்டு நோக்கினாள். சினம் தணிந்து குமரன் அமர்ந்த இடம் என்று சிறுமியாயிருந்தபோதே கேட்டிருக்கிறாள். கூடையை எடுத்துக்கொண்டு எழுந்து வீட்டுக்கு நடந்தாள்.

ரஞ்சிதம் உள்ளே தன் துணிகளை மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். தமயந்தி எதிரே போய் நின்றாள்.

“அக்கா, பாவா எந்தப் பேச்சுல சொன்னாரு? தமிழா, தெலுங்கா?”

“இன்னாத்துக்கு இப்ப அது? அதான் அனுப்பறீங்களே.”

“சொல்லுக்கா. அப்டியே சொல்லு.”

ரஞ்சிதம் சிறிது யோசித்தாள். “தமயந்திகிட்ட சொல்லுன்னு தமிழ்லதான் சொன்னாரு. அதுக்குள்ள எஞ்சின் ஊதிச்சு. அப்புறம்... வெள்ளி ஒஸ்தான்னாரு. இந்த ஊர்லதான் பாதி அதுவும் பாதி இதுவுமா பேசறீங்களே! வெள்ளின்னா வெள்ளிக்கெழம, ஒஸ்தான்னா வரேன். வேற இன்னா?”

“நீ ஏன் டேஷனுக்குப் போய்ப் போய் நின்னே? கடவீதின்னு ஏன் பொய் சொன்னே?”

ரஞ்சிதத்தின் கண் நிறைந்தது. “எல்லாரும் என்னயே பாக்கறீங்க. வெள்ளிக்கெழமன்னு சொன்னவ நான். ஒரு வெள்ளிக்கெழம வந்து எறங்கிட்டார்னா என் வார்த்த நெசமாயிடுமேன்னு போனேன். கரிக்குமிய ஒட்டி நின்னாதான் எஞ்சின் தெரியுது. சொன்னா நம்புவியா நீ?”

“மாட்டேன்தான்” என்றாள் தமயந்தி. அதைச் சொல்லிவிட்டு அக்காளின் மூட்டையை அவிழ்த்தாள். அவிழ்த்துக்கொண்டே, மாலை வாங்கிய யாத்திரைக்கார அம்மாள் சொன்னதை எல்லாம் சொன்னாள். ரஞ்சிதம் சிரித்தாள். பாதிச் சிரிப்பிலேயே அதன் மறுபக்கம் அவளுக்கும் விளங்கிவிட்டது.

“அப்டின்னா, உன்கிட்ட சொல்லச் சொன்னது இன்னாடி?”

“அதக் கேக்கத்தான் போறேன்.”

வாய்க்காலைத் தாண்டி அத்தை வீட்டுக்கு அவள் போய் மாதக்கணக்கு ஆகியிருந்தது. தாயாரம்மாள் குடத்தில் நீர் சுமந்து வந்து கொடிகளின் வேரில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டிருந்தாள்.

“அத்த, பாவா வருவாரா, மாட்டாரா? ஒரே வார்த்த சொல்லு.”

“இது இன்னாடி கேள்வி? வாம்மா, உக்காரு. மோர் தரட்டுமா?”

“மோர் வேணாம். வருவாரா?”

தாயாரம்மாள் குடத்தைக் கீழே வைத்தாள். “பங்குனியிலயே சொல்லிட்டான். பெஜவாடால அவன் தங்கியிருக்கிற வூட்டு மேஸ்திரி பொண்ணு. வார்த்த குடுத்துட்டானாம். நீயே தமயந்திகிட்ட சொல்லுடான்னேன். கெணத்தடிக்கு வந்தானே, சொல்லலியா?”

“சொல்லல. போயொஸ்தான்னாரு.”

“கோழ! எனக்கும் தைரியம் வரல, கண்ணு. அண்ணனுக்குத் தெரிஞ்சா தண்ணிய நிறுத்திடுவாரேன்னு பயந்துகினு வாய மூடிகினு கெடந்தேன்.”

“இப்ப தண்ணியும்தான் நின்னுபோச்சே, அத்த.”

தாயாரம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். தமயந்தி அங்கே அழவில்லை. குடத்தை எடுத்து, மிச்சமிருந்த நீரை ஒரு கொடியின் வேரில் ஊற்றிவிட்டு வந்தாள். வரும் வழியில் குமார தீர்த்தத்துப் படிக்கட்டில் இறங்கி, முகம் கழுவுபவள்போலக் குனிந்து, யாருக்கும் தெரியாமல் நெடுநேரம் முகம் கழுவினாள்.

வீட்டில் ஆதிகேசவன் கேட்டதும் கொதித்து எழுந்தார். “பாத்தியா? நான் சொல்லல? மறச்சுட்டா பாத்தியா? இனிமே ஒரு சொட்டுத் தண்ணி போவாது அங்க!”

தமயந்தி கழற்றிப் போட்டிருந்த சாலின் அருகே போய் நின்றாள். “நைனா, இத எடுத்துகினு போய் மாட்டு. அங்க கொடியெல்லாம் காஞ்சுகினு கீது.”

“அவ மவன் உன்ன உட்டுட்டுப் போயிருக்கான். அவளுக்குத் தண்ணியா?”

“அவரு போனதுக்கு முல்லச் செடி இன்னா பண்ணும், நைனா?” அவள் மேலே சொன்னாள்: “பள்ளிப்பட்டுக்காரரு நல்லவராவே இருக்கட்டும். எனக்கு இப்ப வேணாம். அத்த மேல கீற கோவத்துல என்னத் தூக்கிக் குடுக்காத.”

கௌரியம்மாள் இடைமறித்தாள். “அது சரி, இந்த ரஞ்சிதம்?”

“அக்கா காதுல உழுந்தது ஒரு வார்த்த. அத நாமதாம்மா கெழமயாக்கிட்டோம். நான்தான் உன்கிட்ட இல்லாததும் பொல்லாததும் சொன்னேன்.”

கௌரியம்மாள் நம்பினாளா என்று சொல்வதற்கில்லை. ரஞ்சிதத்தின் முகத்தை ஒரு தரம் உற்றுப் பார்த்தாள். பிறகு அவள் பக்கம் ஒரு குவியல் முல்லையைத் தள்ளிவைத்தாள். அந்த வீட்டில் அதற்குமேல் மன்னிப்பு இல்லை. மறுநாள் விடிந்தபோது சால் கிணற்றில் இருந்தது. ஆதிகேசவன் தங்கையோடு பேச மேலும் ஓராண்டு ஆயிற்று; நீர் மட்டும் அதற்குக் காத்திருக்கவில்லை. பள்ளிப்பட்டுக்கு ஆள் போய், பேச்சு நின்றது.

தமயந்தியின் துயரம் அதனால் தீர்ந்துவிட்டதென்று எண்ணலாகாது. தையில் துளசிங்கத்துக்குப் பெஜவாடாவில் மணம் நடந்தது. அன்று அவள் பூத்தொடுக்கும்போது நாரை இழுத்த இழுப்பில் விரல் அறுபட்டது. எஞ்சின் ஊதும்போதெல்லாம் நெடுங்காலம்வரை பேச்சை நிறுத்திவிட்டு, ஊதி முடிந்தபின் தொடருவாள். அந்த ஊதலில் விழுங்கப்பட்ட வார்த்தை ஒன்று உண்டல்லவா! ஆயினும் பழையபடி ரஞ்சிதத்துடன் ஒரே பாயில் உட்கார்ந்தாள். பட்டணத்துப் பயம் அடங்கி ரஞ்சிதம் ஊர் திரும்பிய நாளில், இருவரும் ஸ்டேஷனில் கரிக்குவியல் ஓரம் நின்றார்கள். “வெள்ளொஸ்தாடி” என்றாள் ரஞ்சிதம். “கெழமயச் சொல்லிட்டுப் போ” என்றாள் தமயந்தி. இருவரும் அழும்வரை சிரித்தார்கள்.

நாற்பத்தாறாம் ஆண்டில் ஆர்.கே.பேட்டையிலிருந்து சுப்பிரமணி என்ற உழவர் வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். தாம்பூலத் தட்டை வைத்த தமயந்தி, உள்ளே போகாமல் நின்றாள்.

“ஒண்ணு கேக்கணுங்க. உங்க மனசுல வேற யாராச்சும் கீறாங்களா?”

சபை திகைத்தது. கௌரியம்மாள் தலையில் கைவைத்தாள். சுப்பிரமணி சற்று யோசித்து, “ஒரு ஜோடி மாடு கீதுங்க. அதுங்களுக்குப் போட்டி வந்தா பரவால்லீங்களா?” என்றார். முதலில் சிரித்தவர் தாயாரம்மாள். அண்ணன் அழைத்து, அன்றுதான் மீண்டும் அந்த வீட்டு வாசற்படி ஏறியிருந்தாள்.

இன்று தமயந்தி ஆர்.கே.பேட்டையில் வாழ்கிறாள். கணவர் சந்தைக்குப் புறப்பட்டு, வருகிறேன் என்றால், “என்னிக்கு?” என்று கேட்பாள். பக்கத்தார் நகைப்பர். அவள் கேட்பதை விடுவதில்லை. அவரும் சொல்லாமல் போவதில்லை. அவள் பெண் குழந்தை பேசப் பழகியபோது, தமிழ்ச் சொற்களோடு அந்தக் கேள்வியையும் சேர்த்தே பழகிற்று.

சினம் தணிந்து அருளும் மலைமேல் நின்று, குறமகளைக் கைப்பிடித்த பெருமான் அவ்வில்லத்தைக் காக்க! அங்கே கிணறு ஊறுக, கொடி தழைக்க, கேட்கும் நாவும் விடை சொல்லும் நாவும் வாடாதிருக்க! அவ்வாசலைக் கடந்து போய் வருகிறேன் என்பார் எவரும், எந்த மொழியில் சொல்லிப் போயினும், சொன்னபடியே மீண்டு வந்து அவ்வீட்டில் உண்ணுக!